காலை விமானம் வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மெசேஜ் பார்த்தேன். "420 கிலோமீட்டர்தானே அப்பா, அரை மணி நேரத்தில் போய்விடும். காலை விமானம் பிடித்தால் 11 மணி இன்டர்வியூவுக்குத் தாராளம்" என்று எழுதியிருக்கிறாய். உன் கணக்கு சரி. விமானம்தான் அந்தக் கணக்குப்படி போகாது.

420 என்பது பூமியுருண்டை மேல் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்தால் வரும் நீளம். விமானம் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் மேலேறும். தெற்கிலிருந்து காற்று வீசினால், வடக்கே போகிறவளையும் முதலில் தெற்கே தூக்கிக்கொண்டுபோய்த்தான் திருப்புவார்கள். இறங்கும்போதும் இதே சுற்று. வான்பாதையும் நேர்கோடு இல்லை.

ஜெட் மணிக்கு 800 கி.மீ. பறக்கும், உண்மைதான். ஆனால் அது உயரே போய் நிலைத்த பிறகு. 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட், அதாவது சுமார் 460 கி.மீ.தான் வேக வரம்பு. இத்தனை குட்டைத் தூரத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். 500 கி.மீ. வேகத்தில் போகிற, விசிறி வைத்த ஏடிஆர் விமானம் இதே வழியில் பத்துப் பதினைந்து நிமிடம்தான் பின்தங்கும். அதனால் விசிறி வைத்த விமானம் என்று முகம் சுளிக்காதே.

டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தாயாமே! அது 'பிளாக் டைம்'. நான் ரேம்பில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில் வேலை பார்த்தபோது சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து, விமானம் நகர்ந்த நிமிடத்தைத்தான் புறப்பாடு என்று குறிப்போம். அங்கே போய் நின்று மறுபடி கட்டை வைக்கிறவரை ஓடும் கடிகாரம் அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

காற்றையும் சேர்த்துக்கொள். எதிரே 60 கி.மீ. வேகத்தில் வீசினால் ஏடிஆரின் 50 நிமிடப் பறப்பு 57 ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று 5 நிமிடம்தான் மிச்சம் பிடித்துத் தரும். போட்டுப் பார், இரண்டும் சமமாகாது.

பெரிய விமான நிலையம் வழியாக ஜெட்டில் மாறிப் போகும் யோசனையை விட்டுவிடு. தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நீயே எடுத்து மறுபடி போடவேண்டும்.

எனக்குக் கவலை நீ போய் இறங்கும் அந்தச் சின்ன விமான நிலையம்தான். இப்படிப்பட்ட இடங்களில் மூடுபனியில் இறக்கிவிடும் கருவிகள் பெரும்பாலும் இருக்காது. காலையில் பனி விலகாவிட்டால் மேலேயே வட்டமடிக்கும், இல்லையென்றால் வேறு ஊரில் போய் இறங்கும். நாளுக்கு ஒன்றிரண்டு விமானம் வருகிற இடத்தில் அடுத்ததைப் பிடிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முந்தின நாள் மதிய விமானத்தையே போடு. ஒரு ராத்திரி அறை வாடகை போனால் போகட்டும்.

இன்னொன்று. ஏடிஆரில் தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் சிறியது. உன் டிராலியை ஏணிப்படி அருகிலேயே வாங்கிச் சரக்கு அறையில் வைத்துவிடுவார்கள். சர்டிஃபிகேட் ஃபைலைத் தோள்பையில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா