தாய்மாரின் அலட்சியமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாய்-சேய் நலம் பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், சத்து மாத்திரையைக் குப்பையில் வீசும் தாய்மாரின் அலட்சியம் என்று ஒரு வரி. எழுதியவர் ஒரு மாத்திரையாவது வெறும் வயிற்றில் விழுங்கிப் பார்த்திருக்கலாம்.

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் அந்த மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். குமட்டும், மலச்சிக்கல் வரும், கறுப்பாகப் போகும். "அது இரும்போட நிறம், பயப்படாத தாயி" என்று அட்டையைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். பதிவேடு எழுதவே பொழுது சாய்ந்துவிடும் கிராமச் செவிலியருக்கு அதற்கு ஏது நேரம்? முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் மடியிலிருந்து சுளகை இறக்காமலே டீயோடு போட்டுக்கொள்வார்கள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் கூடவே போட்டால் அதுவும் தடுக்கும். அத்தனை மாத்திரை விழுங்கியும், ரத்த அளவைக் காட்டும் ஹீமோகுளோபின் குறைந்து 8-லேயே நிற்கும். பழி அவள் தலையில்.

ரத்தம் குறைந்த உடம்பு, பிரசவத்தில் அரை லிட்டர் போனாலே தாங்காது. போனதையோ, நனைந்த துணியைப் பார்த்துக் கண்மதிப்பாகத்தான் சொல்கிறோம். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்காவில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கடியில் விரித்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் 51 சதவீதமே பிடிபட்ட அதிக உதிரப்போக்கு, விரிப்பில் 93 சதவீதம் பிடிபட்டது. 2023-இல் வந்த முடிவு. நீங்கள் பரிதாபப்பட்டு எழுதுகிற நாடுகள்தான்!

பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கி உதிரம் நிற்கப் போடும் ஊசி ஆக்சிடோசின். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் மேசை டிராயரில் கிடந்தால் வீரியம் போய்விடும். ஊசி போட்டதாகப் பதிவேட்டில் இருக்கும், கருப்பை சுருங்காது. அதுவும் தாயின் அலட்சியம்தானோ?

முன்பொரு தடவை, கர்ப்பிணிகளுக்கென்று பாதாம், பேரீச்சம்பழத் தட்டை வண்ணப்படமாகப் போட்டீர்கள். விலையைப் போட மறந்துவிட்டீர்கள்.

மறுப்பெல்லாம் வேண்டாம். ஞாயிறு இதழில் ராசிபலனுக்குக் கீழே நாலு வரி போதும்: இரும்பு மாத்திரையை ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடவும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி கூடாது. கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடவும். மலம் கறுத்தால் பயம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அம்பாசமுத்திரம்.