குத்தகைக்காரன் பெயர் எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவசாயிகளுக்குத் தவணைக்கு 2,000 ரூபாய் தரும் மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் 21-ஆவது தவணையை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் பிரதமர் விடுவித்தார். அன்று சாயங்காலமே தாம்பரத்திலிருந்து நிலக்காரர் எனக்குப் போன் பண்ணினார். நான் குத்தகைக்குச் சாகுபடி பண்ணும் பத்து மாவில் (மூணு மா ஒரு ஏக்கர்) ஆறு மா அவருடையது. அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷன். "ரெண்டாயிரம் ஏறிடுச்சுப்பா. வயல்ல தண்ணி வடியுதா?" என்று கேட்டார்.

நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் குடும்பத்துக்குத்தான் இந்தப் பணம் என்பது விதி. ஆகவே அவர் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. 21 தவணை என்றால் 42,000 ரூபாய். மீதி நாலு மா கோயில் நிலம். சாமிக்குத் தவணை கிடையாது, அதை உழுகிற எனக்கும் கிடையாது.

2,000 ரூபாய் ஒரு காசா என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். 1,350 ரூபாய்க்கு ஒரு மூட்டை டிஏபி உரம், மிச்சத்தில் ரெண்டு மூட்டை யூரியா வாங்கலாம். உரக்கடைக்காரர் வேண்டாத டப்பா எதையும் சேர்த்துத் தலையில் கட்டாமல் இருந்தால்! மேலுரம் போடுகிற வாரத்தில் அந்தக் காசு கையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்டால், நிலம் யார் பேரில், அதில் என்ன பயிர் என்று காட்டும் சிட்டா, அடங்கல் வேண்டும் என்பார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் போனாலும் அதே சிட்டா, அடங்கல். ஒரு வருஷம் கதிர் வரும் நேரத்தில் பயிர் முழுகி அழுகியது. நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குப் போனது. அவராகவே பாதியை எனக்கு அனுப்பினார். எல்லாருக்கும் அப்படி ஒரு நிலக்காரர் வாய்ப்பாரா?

குத்தகையை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். எழுதித் தர யார் இருக்கிறார்கள்? 1955-இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் எங்களைக் காப்பாற்ற வந்தது. குத்தகைப் பதிவுக்கென்று 1969-இல் இன்னொரு சட்டமும் வந்தது. குத்தகைக்காரன் பேர் ஒரு தரம் ஏறிவிட்டால் ஆளை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது என்று நிலக்காரர்களுக்குப் பயம்; அதற்கப்புறம் எல்லாம் வாய்ப்பேச்சுதான். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வோம். மாவுக்கு இத்தனை மூட்டை என்று பேசி முடிப்போம். ஆந்திராவில் 2019-இல் சட்டம் போட்டு, நிலத்தில் உரிமை கிடையாது என்று சொல்லியே பதினோரு மாதத்துக்குச் சாகுபடி அட்டை கொடுத்தார்கள். ஆனால் நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் அங்கேயும் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை.

2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை இறக்கினார்கள். எங்கள் வயலுக்கும் ரெண்டு பிள்ளைகள் வந்தார்கள். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கித்தான் வந்தார்கள், பாவம். சர்வே எண்ணைப் பார்த்து, என்ன பயிர், என்ன ரகம் என்று கேட்டு, போனில் படம் பிடித்தார்கள். களை பறித்துக்கொண்டிருந்த என் காலும் அதில் விழுந்திருக்கும். மோர் குடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள். என் பேரை மட்டும் கேட்கவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை, போனில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

நான் அரசிடம் கேட்பது அந்தக் கட்டத்தைத்தான். நிலத்தில் உரிமை வேண்டாம், நிலக்காரர் கையெழுத்தும் வேண்டாம். இந்தப் போகம் இந்த வயலில் நடவு போட்டது இன்னார் என்று ஒரு வரி, அந்தப் போகத்துக்கு மட்டும். உரமோ நிவாரணமோ கடனோ, அந்த வரியைப் பார்த்துக் கொடுக்கட்டும். பொய் சொல்வார்களே என்றால், அக்கம்பக்கத்து வயல்காரர் ரெண்டு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் யார் வயலில் யார் நடவு என்பது மடைக்கு மடை எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த தடவை கணக்கெடுக்க வரும்போதும் நான் அந்த வயலில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயி,
திருவாரூர் மாவட்டம்