முதல் முறிவிலேயே கேட்டிருக்கலாம்

ஐயா,

எங்கள் கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களில் அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. என் சின்னம்மாவும் அப்படிப் போய்வந்தவர்தான். ஒரு மழைநாளில் வாசற்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள், அவ்வளவுதான். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும்தான். எட்டு மாதம் கழித்துக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு போனது. இப்போது வாக்கர் இல்லாமல் நடை இல்லை.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது. வலி எதுவும் இருக்காது. முதல் முறிவுதான் பலருக்கு முதல் அறிகுறி. அப்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பார்த்து மருந்து தொடங்கினால் அடுத்த முறிவுக்கான வாய்ப்பு குறையும். மூட்டுவலிக்கென்று ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

கூழ் குடித்தால் போதாதா என்பார்கள். நல்லதுதான், ஆனால் 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1,200 வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரும் ஊழியர், "ஐம்பது வயசுக்கு மேல எலும்பு ஏதாவது முறிஞ்சுதாம்மா?" என்று ஒரு கேள்வியும் கேட்டு, ஸ்கேனுக்கு எழுதி அனுப்ப சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தோட்டத்துக்குப் போகிறவர்கள் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள். சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும் இடத்தில் கேட்டாலே போதும்.

ஒரு வாசகி, கம்பம்.