திரும்பி வரும் நாளை எழுத்தில் தாருங்கள்

திருகோணமலை நகர மத்தி அபிவிருத்தியைப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கும், அதற்கு ஒப்புதல் கொடுத்த மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் கடை வரிசையை அகற்றும்போது என்ன சொல்லப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மூன்று மாதம் பொறுங்கள், புதிய கட்டடம் வந்துவிடும், பழைய கடைக்காரருக்குத்தான் முதலிடம் என்றார்கள். எல்லாம் வாய்வார்த்தை. மாரி வந்தும் போய்விட்டது, தகர வேலிக்குப் பின்னால் அத்திவாரக் குழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. போன கிழமை அந்த வேலியில் ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். கண்ணாடிச் சுவர், மின்தூக்கி, கார் நிறுத்துமிடம் எல்லாம் படத்தில் இருக்கின்றன. மரக்கறிக் கூடையோடு ஒருவரும் இல்லை, மீன் விற்கும் வாங்கிலும் இல்லை. எழுத்து முழுவதும் ஆங்கிலம். அந்தப் படத்தில் நாங்கள் எங்கே என்று பக்கத்துக் கடைக்காரர் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நான் அந்த வரிசையில் தையற்கடை வைத்திருந்தவள். கட்டடமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பழைய கூரை ஒழுகியது, வாய்க்கால் அடைபட்டால் மழைத்தண்ணீர் கடைக்குள் வந்தது, மின்கம்பிகள் பயமுறுத்தின. புதுக் கட்டடம் தேவைதான். நாங்கள் கேட்பது இதுதான்: யாருக்குக் கடை, எந்தத் திகதியில், என்ன வாடகைக்கு என்பதை எழுத்தில் தாருங்கள். தமிழில் தாருங்கள். வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் நாங்கள் இருக்கக்கூடாது.

எங்களை இப்போது இருத்தியிருக்கும் தற்காலிக இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிழல் இல்லை, வெளிச்சம் இல்லை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அங்கே மலசலகூடம் இல்லை. மூதூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் கருவாடும் கீரையும் கொண்டுவரும் பெண்கள், விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள், பின்னேரம் வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்கள் எங்கேயாவது மதிலோரம் போய்விடுவார்கள், பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். உச்சி வெயிலில் பொலித்தீன் விரிப்பில் உட்கார்ந்துகொண்டு, போத்தலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடி வைக்கிறார்கள். ஒரு அக்காவுக்குச் சலக்கடுப்பு வந்து காய்ச்சலும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெண்டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். குடித்தால் எங்கே போவது என்று அந்த அக்கா டாக்டரிடம் கேட்கவில்லை, வெட்கப்பட்டு என்னிடம் வந்து சொன்னார். முன்பு எங்கள் வரிசைக்குப் பின்னால் பழைய மலசலகூடம் ஒன்று இருந்தது. கதவு சரியில்லை, ஆனாலும் இருந்தது. அதை முதல் நாளே இடித்தார்கள். இப்போது பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்காரரின் தயவில் போய்வருகிறார்கள். அவரும் எத்தனை பேருக்குத்தான் இடம் கொடுப்பார்? அவருடைய மனைவி முகத்தைச் சுளிக்கத் தொடங்கிய நாளிலிருந்து சில பெண்கள் அதையும் விட்டுவிட்டார்கள்.

அங்கே ஒரு நடமாடும் மலசலகூடம் வைக்கச் சொல்லி நாங்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்த கடிதம் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. வாங்கியவர் ஒருவர், அதைப் பார்க்க வேண்டியவர் வேறொருவர் என்றார்கள். அப்புறம் அந்த அதிகாரிக்கு இடமாற்றம் என்றார்கள். ஒரு தகரக் கூடும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வைப்பதற்கு இத்தனை மேசை தாண்ட வேண்டுமா, ஐயா?

இன்னொன்றும் நடக்கிறது. அந்த இடத்துக்கு வாடிக்கைக்காரர் வருவதில்லை. மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் மாகாணசபை அலுவலகங்களுக்கும் வருகிற சனம் பஸ்ஸால் இறங்கிப் போகும் வழியில் எங்கள் கடைகள் இருந்தன. தம்பலகாமம், கிண்ணியா, குச்சவெளி என்று எல்லாப் பக்கத்துச் சனமும் வந்து போன இடம். இப்போது அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிற பெரிய கடைகளில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடனுக்குக் கொடுத்து, பிள்ளையின் பெயர் கேட்டுச் சேர்த்த வாடிக்கை ஒரு முறை கைவிட்டுப் போனால் கட்டடம் திறந்ததும் தானாகத் திரும்பி வராது. கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டுகிற பெண்களுக்கு வியாபாரம் இல்லாத ஒரு கிழமை என்றால், அடுத்த கடனை இன்னொரு இடத்தில் எடுப்பது என்று அர்த்தம்.

இந்த ஊரில் வேறு இடம் பார்த்துப் போங்கள் என்று சொல்வதும் லேசில்லை. நகரம் இருப்பது கடலுக்குள் நீண்ட ஒரு ஒடுங்கிய நிலத்தில். ஒரு பக்கம் உட்துறைமுகம், மற்றப் பக்கம் வெளிக்கடல். பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், கப்பற்துறைப் பக்கம் கடற்படை, துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெரும் பரப்பு 1984 முதல் துறைமுக அதிகார சபையிடம். மிச்சம் இருக்கிற கொஞ்சத் தெருக்களில்தான் கடை, பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், வங்கி, பஸ் நிலையம் எல்லாம். அதிலே ஒரு சின்ன வியாபாரி பத்தடி இடத்தை இழந்தால் இன்னொரு பத்தடி அவருக்குக் கிடைக்காது. வரைபடம் கீறியவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

திருகோணமலை வளரப்போகிறது என்று நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்களில் 99 நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றுக்காக இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதே வருடம் நாங்கள் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது மீன் வாங்குகளும் காலியாகத்தான் கிடந்தன. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் சேர்ந்து இந்த ஊரை எரிசக்தி மையமாக்கக் கையெழுத்திட்டன. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள், 2016இல் அதைக் கைவிட்டார்கள், இப்போது சூரிய மின்சாரம் என்கிறார்கள். நல்லது, வரட்டும், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் சந்தோசம்தான். ஆனால் ஒவ்வொரு திட்டமும் வருகிறபோது காணியையோ கடையையோ தொழிலையோ விட்டுக்கொடுக்கச் சொல்லி முதலில் கேட்பது எங்களைப் போன்றவர்களிடம். இழப்பு முதல் நாளே எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது, பலன் எப்போது வரும் என்று யாரும் திகதி சொல்வதில்லை. கடற்கரையிலும் பஸ் நிலையத்திலும் திரிகிற மான்களைப் படம் எடுத்துச் சுற்றுலா விளம்பரம் செய்கிறோம், அவை குப்பையில் பொலித்தீன் தின்பதை நிறுத்த ஒரு மூடி போட்ட தொட்டி வைக்கவில்லை.

சரி, என் விசயத்துக்கு வருகிறேன்.

அந்த வரிசையில் இருந்தவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. 2006 ஏப்ரல் 12ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்புக்கு முன், மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. தொடர்ந்து தமிழருடைய கடைகளை எரித்தார்கள், ஆட்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் ஊரை விட்டுப் போகாமல் கரியைக் கழுவிவிட்டுக் கடை திறந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் முன், படகுப் பாதையிலும் லோஞ்சிலும் கூடையோடு வந்து வியாபாரம் செய்த தாய்மார் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று இனத்தவரும் ஒரே வரிசையில் சில்லறை மாற்றிக்கொண்டு இருந்தோம். இவர்களைக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டு, முற்பணம் அதிகம் கட்டுகிறவனோடு போட்டிக்கு நிறுத்தப்போவதாகக் கதை அடிபடுகிறது. உண்மையென்றால் எங்களில் ஒருவருக்கும் கடை கிடைக்காது. பொய்யென்றால் பொய் என்று எழுத்தில் தாருங்கள்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அகற்றப்பட்ட கடைக்காரர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டு, அவர்களுக்குப் பழைய வாடகையை ஒட்டிய தொகையில் புதிய கட்டடத்தில் இடம் உண்டு என்று ஒப்பமிட்டுத் தாருங்கள். நடைபாதையில் இருந்த பெண்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். அவர்களிடம் பற்றுச்சீட்டு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். கட்டடம் முடியும் திகதியை அந்த வேலியில், பதாகைக்குப் பக்கத்திலேயே, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

மலசலகூடத்துக்கு அந்தத் திகதிவரை காத்திருக்க முடியாது. அது இந்தக் கிழமையே வேண்டும், பூட்டும் தண்ணீரும் வெளிச்சமும் உள்ளதாக.

இதைப் பற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டால் வருகிறோம். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், அது வியாபார நேரம். மூதூருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற மாதிரிப் பின்னேரம் வையுங்கள். அந்தப் பெண்களும் வந்து பேச வேண்டும்.

மதிப்புடன்,
அகற்றப்பட்ட வரிசையின் தையற்கடைக்காரி
திருகோணமலை