அப்பாவைக் குப்புறப் போட்டது ஏன்

சின்னவனுக்கு,

தொண்டையிலிருந்து மூச்சு மிஷின் குழாயை எடுத்த மறுநாள் அப்பாவுக்குக் குரல் வந்தது. முதலில் கேட்டது, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று. உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை, அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு டாக்டரிடம் கத்தினாயே, "82 கிலோ ஆளுக்கு ஒரு மூச்சுக்கு 370 மில்லிதானா, காற்றுக்குமா கஞ்சம்?" என்று. எனக்குக் கூசிப்போனது. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது, அது வேறு விஷயம்.

நர்ஸ் பிள்ளை ஒன்று தையல் டேப்பை வைத்து அப்பாவை உச்சியிலிருந்து குதிகால்வரை அளந்தது. 165 சென்டிமீட்டர். நுரையீரல் உயரத்துக்குத் தக்கபடிதான் இருக்குமாம், தொப்பைக்கு வளராதாம். அந்த உயரத்துக்கு 61 கிலோ என்று கணக்கு, கிலோவுக்கு 6 மில்லி.

அதற்குமேல் தள்ளினால் நுரையீரல் மட்டுமில்லை, இதயமும் கெடும் என்றார் டாக்டர். நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது இதயத்தின் வலது பக்கம். அதன் சுவர் மெல்லிசு. விறைத்துப்போன நுரையீரலில் மிஷின் அழுத்த அழுத்த, உள்ளே ரத்தக்குழாய்கள் நசுங்கும். வாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறி நம் வரப்பைத்தானே உடைக்கும்? அதேதான். வலது பக்கம் உப்பி, தள்ள முடியாமல் களைத்துவிடும். பெரியப்பா "நாலு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தச் சொல்லு" என்று நச்சரித்தார். உப்பிய இடத்தில் இன்னும் ஊற்றுவதா என்று டாக்டர் மறுத்துவிட்டார். தினமும் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

சின்ன மூச்சிலும் ஒரு தொல்லை. கரியமில வாயு தேங்கினால் அதே குழாய்கள் சுருங்கும். அதனால் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டி, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

குப்புறப் போட்டதும் இதற்குத்தான். ஐந்து பேர் சேர்ந்து புரட்டினார்கள், ஒருவர் தலைமாட்டில் குழாயை விடாமல் பிடித்திருந்தார். ஒரு தடவைக்கு 16 மணி நேரம். முதுகுப்பக்கத்து நுரையீரல் விரிந்தால் இதயத்துக்கும் பாரம் குறையுமாம். பிரான்சில் 2013இல் வந்த ஆய்வில், இப்படிப் படுக்கவைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 16, மல்லாக்கவே கிடந்தவர்களில் 33 என்றார் டாக்டர். திருப்பியபோது அப்பாவின் முகம் அப்பம்போல வீங்கியிருந்தது. அழுதேன். இரண்டு நாளில் வடிந்துவிட்டது.

சரி, அந்த டாக்டருக்கு ஒரு போன் போடு. இரவு எட்டு மணிக்கு மேல் எடுப்பார். என்ன பேசவேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன்.

அம்மா