கோடு எல்லோருக்கும் தெரியும், சண்முகம்

தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தீவு,
2025 மே

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சித்திரை பிறந்த கையோடு வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குத் தடைக்காலம்தான் காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. ஊரே சும்மா இருக்கும் அந்த இரண்டு மாதம்தான் எனக்கு மூச்சு விட நேரமில்லாத காலம். கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் சுற்றி என் கடையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்துப்போன போர்டுகளைத் தின்னர் போட்டுக் கழுவிக் கழுவி விரல் வெந்துபோச்சு. காசு மட்டும் படகு இறங்கிய பிறகுதான் வரும். நிவாரணம் 8000 ரூபாயில் குடும்பத்தை ஓட்டுகிறவனிடம் கூலியைக் கேட்க எனக்கும் வாய் வராது.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ராத்திரியில் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டே இருக்கிறாள். திட்டினால் அவள் அம்மா என்னைத் திட்டுகிறாள்.

பிரஸ்ஸில் மெய்ப்புப் பார்க்க ஏஐ வந்துவிட்டது, இத்தனை வருஷம் ஒற்றும் சந்தியும் பார்த்த கண்ணுக்கு இனி என்ன வேலை என்று எழுதியிருந்தாய். இதற்கு எனக்கு நேராகப் பதில் தெரியாது. இந்தக் கடற்கரையில் மிஷின் ஒவ்வொன்றும் வந்தபோது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுத முடியும்.

ரேடியோ ரிப்பேரில்தான் நான் ஆரம்பித்தேன், உனக்குத் தெரியும். அப்போது இங்கே எந்த வீட்டில் திருகினாலும் இலங்கை வானொலிதான். அப்புறம் வயர்லெஸ், எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ். ஜிபிஎஸ் சிக்னலில் 2000 மே மாதம் வரை அமெரிக்காக்காரன் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டிருந்தான், நூறு மீட்டர் வரை தப்பும். கிளின்டன் அதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் சாதாரண ஆளும் நம்பலாம் என்று ஆயிற்று. அதற்கு முன்னால் எங்கள் பெரியவர்கள் கோயில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் நேர்கோட்டில் வைத்துத்தான் கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டைக் கண்டுபிடித்தார்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது கையைத் தண்ணீரில் விட்டாலே அவர்களுக்குத் தெரியும். இன்று இருபது வயதுப் பையன் அந்த இடத்தையே ஒரு நம்பராக வைத்திருக்கிறான். அவனிடம் நீவாட்டைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. இருட்டில் மழையில் கரை திரும்ப அந்தப் பெட்டிதான் அவனுக்கு வழி காட்டுகிறது.

ஆனால் ஒரு விஷயம் கேள். பெட்டியைச் சரிபார்க்கக் கொண்டுவரும்போது பாதிப் பேர் குரலைத் தாழ்த்திச் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, டிராக்க மட்டும் அழிச்சு விட்ருங்க. மார்க்க தொட்றாதிய." போன வழி அழிய வேண்டும், மீன் கிடைத்த இடம் மட்டும் இருக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்பதில்லை. திரையில் அந்த டிராக்கைப் பார்த்தாலே தெரியும். நமக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள எல்லைக் கோடு சிவப்பாகக் கிடக்கும். அதைத் தாண்டி முன்னும் பின்னுமாக மடி, அதாவது இழுவை வலை, இழுத்த தடம் இருக்கும்.

மேடையில் இன்னும் "எல்லை தெரியாமல் போன அப்பாவி மீனவர்கள்" என்றே பேசுகிறார்கள். கோடு தெரியாமல் யாரும் போவதில்லை, சண்முகம். கோட்டை நெருங்கினால் கத்துகிற பெட்டியே படகில் இருக்கிறது. இதைக் கடைத்தெருவில் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், அதனால் உனக்கு எழுதுகிறேன். தெரிந்துதான் போகிறார்கள். போகாமல் டீசல் காசை எடுக்க முடியாது என்பதால் போகிறார்கள். கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு என்று 1983 சட்டம் ஒதுக்கியாயிற்று. அதைத் தாண்டிக் கோடு வரை மிச்சம் இருப்பது கொஞ்சம் இடம், அதிலும் பாறை. இறால் கிடக்கிற சேற்றுத் தரை அந்தப் பக்கம்.

ஆக, சண்டைக்குக் காரணம் கோடு தெரியாதது இல்லை, மடி. அதுவும் ஒரு காலத்தில் நவீனத் தொழில்நுட்பம் என்றுதான் வந்தது. மானியம் கொடுத்து, பயிற்சி கொடுத்து, இறாலுக்கு டாலர் வருகிறது என்று சொல்லிக் கொடுத்தது அரசாங்கமேதான். வாரி எடுத்தார்கள். அடியில் இருந்த குஞ்சும் குறுமீனும் சங்காயம் என்கிற கழிவு மீனாகக் கோழித் தீவனத்துக்குப் போயிற்று. அந்தப் பக்கம் சண்டை நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மீனவனைக் கடலுக்கே விடவில்லை, நம்மாட்கள் தாராளமாக இழுத்தார்கள். 2009க்குப் பிறகு அவன் கடன் வாங்கி நூல் வலை போட்டு வந்தான், நம் மடி அதை அறுத்தது. அவனும் தமிழன்தான், அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். 2017ல் இலங்கை இழுவை மடிக்கே தடைச் சட்டம் போட்டுவிட்டது.

இங்கேயும் அதே 2017ல் ஒரு திட்டம் வந்தது. மடிப்படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகு வாங்கிக்கொள்ளலாம், விலை 80 லட்சம், 70 சதவீதம் மானியம், மூன்று வருஷத்தில் 2000 படகு என்றார்கள். நினைத்த அளவுக்கு ஆள் சேரவில்லை. காலையில் போய் மறுநாள் திரும்புகிறவனை வாரக்கணக்கில் நடுக்கடலில் கிட என்றால் எப்படிப் போவான்? மீதிக் கடனுக்கு வங்கியில் யார் ஜாமீன் நிற்பது? சூரையை வாங்குகிற வியாபாரி எங்கே? படகுக்குத் திட்டம் போட்டார்கள், இதற்கெல்லாம் போடவில்லை.

இப்போது படகு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது. இஸ்ரோ செய்தது. நாடு முழுக்க 1 லட்சம் படகுக்கு 364 கோடி ரூபாய், படகுக்காரன் காசு தர வேண்டாம். புயல் எச்சரிக்கை தமிழில் போனுக்கே வரும், ஆபத்து என்றால் ஒரு பட்டனை அமுக்கினால் கரைக்குச் செய்தி போகும். 2017ல் ஒக்கி புயல் குமரிக்காரர்களை என்ன செய்தது என்று பார்த்தவன் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். நானும் சொல்லவில்லை. நல்ல கருவி. இருந்தும் இங்கே அதைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்பது இனி அதிகாரிக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும். இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போன படகு இப்போது எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறது, வழக்கு என்னவாயிற்று, எப்போது வரும் என்று படகுக்காரனுக்குச் சொல்ல ஒரு ஆப்பும் இல்லை. பெண்டாட்டிக்குச் சேதி வருவது விடிகாலை வாட்ஸ்அப்பில்தான். படகு நம்பரும் பெயர்களும் யாரோ தட்டெழுதிய ஒரு பட்டியல், அது தெருவெல்லாம் சுற்றிக் கடைசியில் அவளிடம் வரும். பட்டியலில் தன் ஆள் பெயர் இருக்கிறதா என்று அந்தச் சின்னத் திரையில் விரலால் தள்ளித் தள்ளித் தேடுகிறதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 2ஆம் தேதி சட்டசபையில் கச்சத்தீவை மீட்கத் தீர்மானம் போட்டார்கள், பேப்பரில் பார்த்திருப்பாய். நாலு நாள் கழித்து பிரதமர் இலங்கையிலிருந்து நேராக இங்கே வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். இரண்டு நாளும் ஊரில் பேச்சு கச்சத்தீவுதான். என் கருத்து உனக்குத் தெரியும். 1974லும் 76லும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோடு கிழித்தது அநியாயம். ஆனால் 285 ஏக்கர் தீவு நாளைக்கே கையில் வந்தாலும், மடி இழுக்கிற வரைக்கும் அடுத்த கோட்டையும் தாண்டத்தான் செய்வோம்.

பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தாயே. நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, மோட்டாரில். 1914 பாலத்தை ஆட்கள் கையால் நெம்பித்தான் திறப்பார்கள், சின்ன வயதில் நாம் போய் நின்று பார்த்தோமே. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தியதிலிருந்து மண்டபம் வரை பஸ்ஸில் போய் ரயிலேறிய கஷ்டம் இப்போது தீர்ந்தது.

ஏலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் இன்று இறால் என்ன விலை, கொச்சியில் என்ன விலை என்று இங்கே எல்லாப் போனிலும் வந்துவிடுகிறது. போன் வந்தால் வியாபாரி ஏமாற்ற முடியாது என்று அப்போது நாமே பேசினோம். விலை தெரிகிறது, கேட்க முடியவில்லை. வலைக்கும் இஞ்சினுக்கும் மீன் வாங்கும் கம்பெனிக்காரரிடம் படகுக்காரன் முன்பணம் வாங்கியிருக்கிறான், மீனை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. போனில் வேறு விலையைப் பார்த்துவிட்டுப் போடுவதால் வயிற்றெரிச்சல்தான் கூடுதல். அதற்குத் தெருவில் கூடையில் மீன் விற்கிற பெண்களுக்குப் பரவாயில்லை. தராசுத் தட்டில் கியூஆர் அட்டையைப் பாலிதீனில் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். சில்லறைத் தகராறு இல்லை, குடிக்கிற புருஷன் கையில் அன்றைய பணம் சிக்குவதும் இல்லை.

கடல்பாசி எடுக்கிற எங்கள் மைனி கதை வேறு. தீவோரம் பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பிய்த்து, துணி சுற்றியும் விரல் நுனி தேய்ந்து வழவழ என்று இருக்கும். ரேஷன் கடை மிஷின் அந்த விரலை ஒத்துக்கொள்ளாது. துடைத்து, எண்ணெய் தடவி, கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று வைத்து வைத்துப் பார்ப்பாள். இப்போது கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் முன்னே கடைக்காரருக்கு அவள் முகம் தெரியும், பெயர் தெரியும், கொடுத்துவிடுவார். இன்றும் அவருக்குத் தெரியும். "எனக்குத் தெரிஞ்சு என்னக்கா செய்ய, மிஷினுக்குத் தெரியணும்ல" என்கிறார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

தேர்தலில்கூட மிஷினையும் மனுஷன் சுற்றி வருகிறான். 2024ல் இங்கே ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது அதே பெயரில் இன்னும் நாலைந்து பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். பெயர்க் குழப்பத்துக்காகத்தான் 2015லிருந்து மிஷினில் போட்டோவும் ஒட்டுகிறார்கள். ஜனங்கள் போட்டோவையும் பழத்தையும் பார்த்துச் சரியாகவே குத்தினார்கள் போலிருக்கிறது, அவர் இரண்டாவதாக வந்தார், நவாஸ்கனி ஜெயித்தார். அந்த ஜனவரியில் ஏஐ கருணாநிதி திரையில் பேசியதையும் பார்த்தோம். என் அத்தை அதைப் பார்த்துக் கண் கலங்கினாள். நிஜமில்லை என்று சொன்னேன். "தெரியும்டா, இருந்தாலும் குரல் கேட்குதுல்ல" என்றாள். அவள் ஏமாறவில்லை பார். அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தலுக்கு யார் யாரையெல்லாம் பேச வைக்கப் போகிறார்களோ.

இனி உன் விஷயம். என் தொழிலில் மிஷின் என் வேலையைப் பிடுங்கவில்லை, வேறு மாதிரி ஆக்கிவிட்டது. முன்பு எந்தக் கண்டன்சர் போயிற்று என்று தேடி இருபது ரூபாயில் சரி செய்வேன். இப்போது வருகிற பெட்டிகளைத் திறந்தாலே வாரண்டி போய்விடும். முழு போர்டையும் மாற்று என்கிறான் கம்பெனி, அதன் விலையைக் கேட்டால் படகுக்காரன் என்னைத் திருடன் மாதிரி பார்க்கிறான். திட்டு வாங்குவது நான், விலை வைப்பது யாரோ.

உனக்கும் அப்படி ஆகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மிஷின் திருத்தியதை ஒரு மணி நேரத்தில் நூறு பக்கம் பார்த்துக் கையெழுத்துப் போடு என்பார்கள். அது 'பாக் நீரிணை'யைப் 'பாக்கி நீரிணை' என்று மாற்றி வைத்திருக்கும், புத்தகம் வந்த பிறகு பழி உன் தலையில் விழும். அதனால் முதலாளியிடம் இப்போதே பேசு. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம், மிஷின் செய்த திருத்தத்தை நீ திருப்பிப் போட்டால் கடைசி வார்த்தை யாருடையது, பக்கக் கூலியா மாதச் சம்பளமா, மூன்றையும் தாளில் எழுதி வாங்கு. அவர் நல்லவர்தான், இருந்தாலும் எழுதி வாங்கு. அவர் மகன் பொறுப்புக்கு வந்தால் வாய்ப்பேச்சு எடுபடாது.

ஜூன் 15க்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் ஓய்வு. மதுரையிலிருந்து காலை ரயிலில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. பல்லுக்குக் கருவாடு ஆகாது என்று எழுதியிருந்தாய், அதனால் நண்டுக்குச் சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், ரயிலில் கூட்டம் தாங்காது.

உன்
சேவியர்