பாசி பலவீனமா, தட்டான் சமர்த்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருகிவரும் உயிர்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் திபெத்துப் பாசியான தக்காக்கியாவுக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் காலத்துக்கு ஏற்ப மாறத் தெரியாத உயிர் என்று அதை ஒதுக்கிவிட்டு, எங்கும் பறக்கும் தட்டானைச் சமர்த்து என்று மெச்சியிருப்பதை ஏற்க முடியவில்லை.

தக்காக்கியாவின் வம்சம் சுமார் 39 கோடி ஆண்டு பழையது. இமயமலைக்கும் மூத்த குடி. மலை உயர உயர அதோடு சேர்ந்து 4,000 மீட்டருக்கு மேல் போய்விட்டது. ஆண்டில் பெரும்பகுதி பனிக்குள் புதைந்து கிடக்கவும், பனி விலகியதும் சுள்ளென்று இறங்கும் புற ஊதாக் கதிரைத் தாங்கவும் பழகிக்கொண்டது. அதன் மரபணுக்களில் பல மிக வேகமாக மாறிவந்தவை என்கிறது 2023-இல் வெளியான ஆய்வு. இதையா மாறத் தெரியாதது என்பது? அதன் சிக்கல் வேறு. சூடு கூடினால் குளிர்ச்சி தேடி இன்னும் மேலே ஏற மலை மிச்சம் இருக்க வேண்டாமா?

தட்டானுக்கு இடம் ஒரு பொருட்டில்லை என்பது உண்மைதான். நம் ஊர் வயல்களில் மொய்க்கும் மஞ்சள் தட்டான் இந்தியாவிலிருந்து காற்றோடு கடல் கடந்து, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது. நன்னீர் அரிதான மாலத்தீவில் அக்டோபர் வாக்கில் அவை கூட்டமாக வந்திறங்குவதைப் பல ஆண்டுகள் கவனித்துத்தான் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் இந்தப் பயணத்தை எழுதினார். போன தட்டான் திரும்புவதில்லை. அதன் சந்ததிதான் திரும்பும். மழைநீர் தேங்கிய குட்டையில் முட்டையிட்டால், அது வற்றுவதற்குள் சில வாரங்களில் குஞ்சுகள் சிறகு முளைத்துக் கிளம்பிவிட வேண்டும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள் நம் பெரியவர்கள். மழையை நம்பித்தான் அதன் பிழைப்பே. பருவம் பிசகினால் இந்தச் சமர்த்து செல்லாது.

பாசிக்காவது ஆய்வாளர்கள் 2010 முதல் பத்தாண்டுக்கு மேல் மலையேறி, அது சுருங்கிவருவதைக் கணக்கெடுத்தார்கள். வாலில் நூல் கட்டி விளையாடிய தட்டானை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்? வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது எந்த ஊரில், எந்தத் தேதியில், எவ்வளவு தட்டான் கண்டோம் என்று வாசகர்கள் எழுதியனுப்ப உங்கள் இதழில் அரைப் பக்கம் ஒதுக்கலாம். எங்கள் ஊர்க் குளத்தங்கரைக் கணக்கை அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தென்காசி